நாற்பத்தொன்றாவது பாப்பா

பட்டியலில் பாப்பாவின் பெயர் நாற்பத்தொன்றாவதாக இருந்தது. மொத்தமே நாற்பத்தொரு பெயர்தான்.

பாப்பாவின் அப்பாவான புரோகிராமர் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். அலுவலகக் குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம் காலி. இன்று நாலு மணிக்கு ஒருவரைக் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை மனைவி வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இந்த வருஷம் எல்லாருக்கும் முன்னால், பிப்ரவரி நாலாம் தேதியே விண்ணப்பம் கொடுத்தவர் அவர். அந்தப் பட்டியல் இருக்கும் இணையப் பக்கத்தைப் பராமரிப்பவரும் அவரே.

தேதி வாரியாக வரிசைப்படுத்த, தேதி என்ற தலைப்பை அழுத்தினார். பட்டியல் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. பாப்பா பத்தொன்பதாவது. முதலிடத்தில் ஜனவரியில் விண்ணப்பித்ததாக ஒரு குழந்தை. அது பிறந்ததே மே மாதத்தில்.

விஷயம் புரிந்துவிட்டது. தேதியைப் பதிபவர்கள் இரண்டு பேர். கண்ணாடி அக்கா மாதத்தை முன்னால் போடுவார். உயரமான கிளார்க் நாளை முன்னால் போடுவார். பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கோ மாதம்தான் முன்னால். கிளார்க்கின் 1/6 அதற்கு ஜனவரி ஆறு. 25/5 என்றால் இருபத்தைந்தாவது மாதத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, இது தேதியே இல்லை என்று கையை விரித்துவிடும்.

முதல் எண் பன்னிரண்டைத் தாண்டினால் அது நாள் என்று தன் கணினியில் ஒரு விதி எழுதிப் பார்த்தார். 25/5 அடங்கியது. 1/6 அடங்கவில்லை. மே மாதக் குழந்தை முதலிடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மனைவி ஃபோனில் கூப்பிட்டாள். "எத்தனாவதுங்க?"

"மேலே வந்துக்கிட்டிருக்கா."

"நம்ம பாப்பா தவழவே இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா. நீங்க சீக்கிரம் முதல் இடத்துக்குக் கூட்டிட்டு வாங்க."

அவர் கிளார்க்கிடம் போனார். அக்கா வேறு மாதிரி போடுகிறார், இரண்டு பேரும் ஒரே மாதிரி போட்டால் நன்றாக இருக்கும் என்று பக்குவமாகச் சொன்னார். எதிர் மேஜைக்குப் போய் அக்காவிடமும் அதையே சொன்னார். பன்னிரண்டு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை தடித்துப் பேசாதவர்கள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தால், பாப்பா ஏப்ரலுக்குப் போயிருந்தாள்.

"அக்கா மனசு நோகக் கூடாதுன்னு நான் போட்டதையெல்லாம் அவங்க முறைக்கே மாத்திட்டேன் சார்," என்றார் கிளார்க்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் என்னோடதைத் தம்பி முறைக்கே மாத்திட்டேன். எதுக்கு வம்பு?"

புரோகிராமர் காகித விண்ணப்பங்களைக் கட்டோடு வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொன்றாகப் பார்த்து, வருஷம், மாதம், நாள் என்று நாற்பத்தொரு தேதிகளையும் தானே தட்டினார். இப்படி எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. ஜாவாஸ்கிரிப்டும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

கேட்டது. பாப்பா முதலிடம். நேற்று விண்ணப்பித்தவர் கடைசி. பக்கத்தைத் திறந்ததுமே இந்த வரிசைதான் தெரிய வேண்டும் என்று ஏற்பாடு செய்து, மூன்று மணிக்கு எல்லாருக்குமாக ஏற்றினார். மனைவியிடம் சொன்னார். பாப்பாவின் பையை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டதாக அவள் சொன்னாள்.

நாலு மணி. நாலேகால். கூப்பிடுவார் இல்லை. தானே படியிறங்கிக் காப்பகத்துக்குப் போனார்.

குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. வாசலில் ஆயாம்மா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். அந்த இடம் என்னாச்சு என்று புரோகிராமர் மெல்லக் கேட்டார்.

இப்போதுதான் ஒருத்தரைக் கூப்பிட்டுச் சொன்னோம், நேற்றுக் கொடுத்ததற்கு இன்றைக்கே கிடைத்துவிட்டதே என்று அவர் நம்பவே இல்லை என்றார் ஆயாம்மா.

"பட்டியல்ல முதல்ல இருக்கிறது எங்க பாப்பாம்மா."

"புதுசா வர்ற பேரு மேலே மேலே ஏறும், பழைய பேரு கீழே இறங்கும். அதனால எப்பவும் கடைசிப் பேரைத்தான் சார் நாங்க கூப்பிடுவோம்," என்ற ஆயாம்மா, இன்னொரு துண்டை உதறினார். "மூணு மணி வரைக்கும் உங்க பாப்பாதான் கடைசியில இருந்தா, எந்தப் பாவி பார்த்த வேலையோ, மேலே தூக்கிப் போட்டுட்டான்."