அப்பாவை எழுப்பிய மழை

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். எங்கள் குடும்பத்துக்கே அந்தப் பொருத்தம் கிடையாது. (இது தெரிந்தும் அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தேன் பாருங்கள், அப்போது என் புத்தி புல் மேயப் போயிருந்தது.)

இலங்கை ருவான்வெல்லையில் முதியோர் பராமரிப்புப் படிப்பை முடித்த கையோடு நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பித்தேன். 'இவளை நாங்கள் வேலைக்கு எடுக்கிறோம்' என்று அவர்கள் கடிதம் தந்தால்தான் விசா. கடிதம் வேண்டுமென்றால் நோயாளியைப் பராமரித்த அனுபவம் வேண்டும். என் அனுபவமோ வகுப்பில் இருந்த பொம்மையோடு சரி. கை கூசாமல் எழுதிவிட்டேன்: 'பக்கவாதத்தால் நடக்க முடியாத என் தந்தையை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன்.'

"அப்படியானால் வீடியோவில் அவரைத் தூக்கி உட்கார வைத்துக் காட்டுங்கள்" என்று பதில் வந்தது.

அப்பா முப்பது வருடமாகத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். மலையில் ஆடு மாதிரி ஏறுவார். அன்றைக்கு அவரை லீவு போட வைத்து, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பரா அறையில் படுக்கப் போட்டேன்.

"வாயைக் கோணிக்கணுமா புள்ள?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. சும்மா கெடந்தாலே போதும்."

கேட்டாரா? அழைப்பு வந்ததுதான் தாமதம், வாயைக் கோணி, கண்ணைச் சொருகி, ஊருக்கே கேட்க முனகினார். திரையில் இருந்த இல்லத்து மேடம் பதறிப்போய், "வலிக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை மேடம், அது அவருடைய சுபாவம்" என்றேன்.

தோளுக்கடியில் கை கொடுத்து மெதுவாக உட்கார வைத்தேன். மேடம் சிரித்துத் தலையாட்டினார். கடிதம் கைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்தபோது தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். வெளியே அம்மா கத்தினாள்.

"மழைங்க! சிரட்டையில பால் எல்லாம் போகுது, ஓடியாங்க!"

காலையில் அம்மா வெட்டி, பால் வடியச் சிரட்டை கட்டிவிட்டு வந்த மரங்கள். தண்ணீர் கலந்தால் அன்றைய பால் அத்தனையும் வீண். ரப்பர் தோட்டத்தில் மழை என்றால் செத்தவனே எழும்புவான், அப்பாவுக்கு வெறும் பக்கவாதம்தானே? போர்வையை உதறினார், வாளியைத் தூக்கினார், ஒரே தாவலில் படியைத் தாண்டி மலையேறிவிட்டார்.

மேடம் திறந்த வாயை மூடவில்லை. "உங்கள் நோயாளி எங்கே?"

"குணமாகிவிட்டார், மேடம்" என்றேன். (வேறு என்னத்தைச் சொல்ல?)

கடிதம் வரவில்லை. அழுது தீர்த்தபின், பக்கத்துக் கரவனெல்லையில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு டீச்சரை ஒன்றரை வருடம் நிஜமாகவே தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டினேன். அதன்பிறகு வேறோர் இல்லம் கடிதம் தந்தது, விசாவும் வந்தது, நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தேன். லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "சாந்தியக் கூப்புடுங்க, ஓட வெச்சிருவா" என்பது இன்றைக்கும் பேச்சு.

போன மாதம் அப்பா நிஜமாகவே காய்ச்சலில் விழுந்தார். இங்கே நான் யார் யாரையோ பெற்றவர்களைத் தூக்கி உட்கார வைக்கிறேன், என்னைப் பெற்றவரைத் தூக்க அங்கே நான் இல்லை. "எழும்பி ரெண்டு வாய் கஞ்சி குடிங்கப்பா" என்று வீடியோவில் கெஞ்சினேன்.

"மழை வரட்டும் புள்ள, பாப்போம்" என்று வாயைக் கோணிக் காட்டினார்.

அம்மா வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் தகரத்தின் மேல் யாரோ ஒரு வாளித் தண்ணீரை வீசும் சத்தம் கேட்டது. அப்பா எழும்பி உட்கார்ந்தார்.