ஓட்டக்காரர் இருவர், மேல் ஆணி ஒன்று

சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று. எந்தப் படத்தை எதில் மாட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

ஓட்டக்காரர் சங்கத்தின் புதுக் கூடத்தில் செயலாளர் நாற்காலிமேல் நின்றபடி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றில் அவருடைய மாமனார். இன்னொன்றில் அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். ஒரு காலத்தில் அந்த ஊரின் நெடுந்தூர ஓட்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டவர்கள். எழுபதைத் தாண்டியும் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள்.

"எங்கப்பா படம் கீழ தொங்குச்சுன்னா நான் அவர் வீட்டுக்கே போயிடறேன். நீங்க அந்தச் சங்கத்தோடயே குடித்தனம் நடத்துங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வீட்டுச் சொந்தக்காரர் அவ்வளவு பேசவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, எம் பையன் குடும்பத்தோட இங்க வந்துடறேங்கறான். உங்க திறப்பு விழா முடியட்டும், பேசிக்கலாம்" என்றார்.

மாமனார் மேலே போனால் வீடு போய்விடும். வீட்டுக்காரர் மேலே போனால் மனைவி போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை புதுக் கூடத்தின் திறப்பு விழா.

நியாயமாகப் போவோம் என்று செயலாளர் கோப்பைகளை எண்ணக் கிளம்பினார். மாமனாரின் கண்ணாடி அலமாரியில் ஒன்பது. வீட்டுக்காரரின் அலமாரியிலும் ஒன்பது. ஒரு வருஷம் இவர், மறு வருஷம் அவர்.

"என்ன ஒரு போட்டி பாருங்க. ஒரு தடவைகூட ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்கலையே" என்று சங்கத் தலைவரான பல் டாக்டர் கண் கலங்கினார்.

அடுத்து, யார் வேகம் என்று பார்த்தார்கள். மிகக் குறைந்த நேரத்தில் ஓடியவர் மாமனார். விஷயம் மாடிக்குப் போனது.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், நான் ஓடவே இல்ல. எதிரியை முந்தினாத்தான் தம்பி அது ஓட்டம். கடிகாரத்தை முந்தறதுக்குப் பேரு அவசரம்" என்றார் வீட்டுக்காரர்.

அது மாமனார் காதுக்குப் போனது.

"எதிரிக்குக் காய்ச்சல் வரும், வயித்து வலி வரும். கடிகாரத்துக்கு ஒண்ணும் வராது மாப்பிள்ளை" என்றார் அவர்.

சங்கம் இரண்டாகப் பிளந்தது. நேரமே பெரிது என்று ஒரு கட்சி, எதிரியை ஜெயிப்பதே பெரிது என்று இன்னொரு கட்சி. முடிதிருத்துபவர் நேரக் கட்சி. எதிர்க் கட்சியிலிருந்த பல் டாக்டரின் மீசையை ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கிவிட்டு, வாதம் முடியாமல் மறுபக்கத்தைத் தொடமாட்டேன் என்று கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

செயலாளர் கீழ் ஆணியைப் பிடுங்கி மேல் ஆணிக்குப் பக்கத்திலேயே அடித்தார். இரண்டு படமும் சரிசமம். மனைவி வந்து பார்த்தாள்.

"இடது பக்கத்திலேர்ந்துதான படிப்போம்? அங்க ஏன் அந்த ஆளு இருக்காரு?"

இடம் மாற்றினார். மாலையில் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"கதவைத் திறந்தா என்னை மறைக்குதே தம்பி. பரவாயில்ல, பையன் அடுத்த மாசமே வர்றானாம்."

புதுச் சுவர் சல்லடையானதுதான் மிச்சம். வேறு வழி தெரியாமல் செயலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். இருவரும் மறுபடி ஓடட்டும், முடியாவிட்டால் நடக்கட்டும். மைதானத்தில் தொடங்கி, ஏரிக்கரை மரங்களுக்குப் பின்னால் சுற்றித் திரும்பி வரவேண்டும். முதலில் வருபவருக்கு மேல் ஆணி.

பெரியவர்கள் திட்டுவார்கள் என்று நினைத்தார். இருவரும் உடனே சம்மதித்ததுதான் ஆச்சரியம். "பழைய பாதைதானே?" என்று மட்டும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. விசில் ஊதியதும் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பக்கமாக நாய்கள் வந்தன, சைக்கிள்கள் வந்தன, அவர்கள் மட்டும் வரவில்லை.

வெயில் ஏறியது. கைதட்டக் காத்திருந்தவர்கள் கையைப் பிசைய ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் தன் அரை மீசையைத் தடவியபடி ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

"எங்கப்பா படம் எங்க வேணா இருக்கட்டுங்க. ஆளு வந்து சேர்ந்தாப் போதும்" என்று மனைவி அழுதாள்.

ஒரு ஆணிக்காக இரண்டு பெரியவர்களைக் கொன்றுவிட்டோமே என்று நினைத்தபோது செயலாளருக்கும் அழுகை வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையை நோக்கி ஓட ஆரம்பித்தார்.

பாதி வழியில், ஏரிக்கரை டீக்கடை அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நிதானமாக எதிரே வந்தாள்.

"இங்க செயலாளர் யாருங்க?"

"நான்தாம்மா. ரெண்டு பெரியவங்க இந்தப் பக்கமா…"

"நல்லா இருக்காங்க. எங்கப்பா கடை நடத்தின காலத்திலேர்ந்து உட்கார்ற அதே பெஞ்சுல உட்கார்ந்து டீ குடிச்சிக்கிட்டிருக்காங்க. கடைசியா ஜெயிச்சது யாருன்னு உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. இன்னைக்கு யாரு முறைன்னு ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சாம்."