தேத்தண்ணியில் ஊறிய கை

எந்த முட்டாள்தனத்தையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை. இருபத்து மூன்று வயதில் குத்துச்சண்டை வீரனாக வேண்டும் என்று தோன்றியபோதும் முழுமூச்சாக இறங்கினேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் அம்மாவோடு இருந்துகொண்டு, பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிய காலம் அது. மணல் மூட்டையைக் குத்திக் குத்தி முட்டித் தோல் உரிந்தது. கையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் தடிக்கும் என்றார் எனக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த கோச். (அதோடு நின்றிருக்கலாம்.) கடுந்தேநீர் குடித்தால் நாக்கு இறுகுகிறதே, கை இறுகாதா என்று யோசித்தது என் தோட்டத்து மூளை. பேக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைத் தூளை வாங்கிவந்து, பின்கட்டில் கிடந்த துருப்பிடித்த இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தேன். ஆறியதும் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, தினமும் ஒரு மணி நேரம் தவம் இருந்தேன்.

மூன்றே வாரத்தில் மணிக்கட்டுவரை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பயப்பட வேண்டியவன் பெருமைப்பட்டேன். அம்மா கண்ணில் படாமல் கையுறைக்குள் ஒளித்துவைத்தேன். மலைக் குளிரில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டதைத்தான் அம்மா முறைத்துப் பார்த்தார்.

என் முதல் சண்டை தானா ராத்தா டவுனில். லயமே வேன் பிடித்து வந்திருந்தது. சண்டைக்கு முன் டாக்டர் பரிசோதனை. கையுறையைக் கழற்றியதும் டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஊசியால் விரலைக் குத்தி, வலிக்கிறதா என்றார். இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ரத்த ஓட்டம் நின்று கை அழுகுகிறதோ என்னவோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அதிர்ச்சியில் அந்த நொடியே எனக்கு முழங்கைவரை மரத்துப்போனது.

அது வாசலில் நின்ற அம்மாவின் காதில் விழுந்தது. அப்படியே தரையில் முழங்காலிட்டார்.

"ஆண்டவரே, எம்புள்ள கையக் காப்பாத்திக் குடுத்துருங்க. இந்தக் கை இனிமே ஒரு உசுரயும் அடிக்காது. இது என் பொருத்தனை, ஒங்களுக்குக் குடுக்குற வாக்கு."

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ் என் கையை முகர்ந்து பார்த்தார்.

"என்னா தம்பி, தேத்தண்ணி வாடை வருது?"

உண்மையைச் சொன்னேன். சட்டியின் துருவும் தேயிலையும் சேர்ந்த கறைதான் என்றார். அவர் எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்க்கத் தேய்க்க, கறுப்புக்கு அடியிலிருந்து என் சொந்தக் கை வெளியே வந்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். சண்டைக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் துள்ளி எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க கெளம்பிட்ட? ஆண்டவரு அவரு பங்கச் செஞ்சிட்டாருலா. இனி நம்ம பங்கு."

அது வெறும் கறை, அற்புதம் இல்லை என்று எவ்வளவோ வாதாடினேன். கை கேட்டேன், கை கொடுத்தார் என்று முடித்துவிட்டார் அம்மா. எங்கள் சர்ச் ஃபாதரும் அவர் கட்சி. ஒரு குத்துகூட விடாமல் என் குத்துச்சண்டை வாழ்க்கை முடிந்தது. அன்று நிஜமாகவே அழுதேன்.

உயிர் என்றால் கொசுவும் சேர்த்திதானாம். இன்றும் நான் கையை ஓங்கினால் வீடே "பொருத்தனை" என்று கோரஸ் பாடும். என் முகத்தில் உட்காரும் கொசுவைக்கூட மனைவியும் பிள்ளைகளும்தான் அடிக்கிறார்கள். அன்றைக்கு வாங்காமல் தப்பித்த குத்தையெல்லாம் இப்போது தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.