பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு பீப்பாய்

தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களிடம் சமையல் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது. வேறு யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி லேபில் பல வருஷம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் என்னைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அம்மா போட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்புவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பழியைத் தூக்கி பஜ்ஜி மேல் போட்டேன். (என் மூஞ்சி மேலா போட்டுக்கொள்ள முடியும்?)

அடுத்து வருவதாக இருந்தவர் பாகாயத்தில் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் டேவிட். அவரை நான் ஏற்கெனவே ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பார்த்திருந்தேன். பிரசங்கத்தின் நடுவில் மைக் கீச்சென்று கத்தியது. கூட்டமே பயபக்தியோடு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இந்த மனுஷனைத்தான் கட்டுவது என்று நானாகவே முடிவு பண்ணிவிட்டேன். ஆகவே, இந்த முறை வீட்டில் பஜ்ஜி வாசனையே வரக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டேன்.

அந்தச் சமயம் எங்கள் கம்பெனிக்கு ஒரு வெள்ளைக்கார டெக்னீஷியன் வந்திருந்தார். மத்தியானம் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, தன் வீட்டுப் பின்பக்கத்தில் கறிக்குப் புகைபோடும் கதையை ஆரம்பித்துவிடுவார். இரும்பு பீப்பாயைப் படுக்கப் போட்டு, ஒரு ஓரத்தில் தணல், மறு ஓரத்தில் கறி. மூடிவைத்துப் பாதி நாள் புகையிலேயே வேகவிட வேண்டும். முதல் நாளே கறியை உப்புத்தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தணலில் போடும் மரத்துண்டுகளையும் ஊறவைக்க வேண்டும், அப்போதுதான் எரியாமல் புகையும். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டேன். பஜ்ஜிக்கு மாற்று கிடைத்துவிட்டது.

பீப்பாய் தேடுவதில் என்னைப் போல விவரமானவள் கிடையாது. கம்பெனியில் காலி பீப்பாய்கள் மலையாகக் குவிந்து கிடந்தும், கெமிக்கல் வந்த எதையும் தொடமாட்டேன் என்று பிடிவாதமாகக் கடலை எண்ணெய் பீப்பாய் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தெருமுனை வெல்டிங் பட்டறை பாயிடம் அதை உருட்டிக்கொண்டு போனேன்.

"இன்னாம்மா இது, பாய்லரா?"

"கறி அடுப்பு பாய். நெடுக்கால வெட்டி, கதவு மாதிரி கீல் வெச்சுக் குடுங்க."

"கறிக்கு எதுக்கும்மா கதவு? எங்கனா ஓடிப் போய்டுமா?"

உள்ளே கறியை வைக்கக் கம்பித் தட்டு வேண்டும் என்றேன். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன ஜன்னல் கம்பி ஒன்று, நடுவில் அன்னப்பறவையோடு, பெயிண்ட் அடிக்காமல் கிடந்தது. பாய் அதையே அளவாக வெட்டிப் பொருத்திவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து தணல் போட்டுப் பார்த்தால், கதவின் இடுக்கில் புகை கசிந்தது. நான் சும்மா இருப்பேனா? கம்பெனித் தோல் துண்டுகளை விளிம்பு நெடுக ஒட்டினேன். தோல் கருகிய நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் களிமண்ணைப் பூசினேன்.

இனி புகைக்கு மரம். கம்பெனி கோடவுனில் கருவேலம்பட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், பழைய முறையில் தோல் பதனிடுவதற்காக. அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்டோர்காரரிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் முழு ஆட்டுத்தொடை வந்தது. கறியையும் ஊறவைக்க வேண்டும், பட்டையையும் ஊறவைக்க வேண்டும். இரண்டு பாத்திரத்தை யார் கழுவுவது? எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டு, உப்பைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன்.

உப்பு, தண்ணீர், பட்டை, நடுவில் ஆடு. ஆம்பூரில் பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் இதற்கு என்ன பெயர் என்று சொல்லும். தினமும் அதையே சோதித்துச் சம்பளம் வாங்கிய எனக்கு மட்டும் உறைக்கவில்லை. (ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றால் மூளை சனிக்கிழமையே லீவு போட்டுவிடும்.)

மறுநாள் கோயிலுக்குக்கூடப் போகாமல் பீப்பாயின் பக்கத்திலேயே கிடந்தேன். மத்தியானம் கதவைத் திறந்தால், கறி பளபளவென்று செம்பழுப்பாக, அடிப்பக்கம் அன்னப்பறவை முத்திரையோடு இருந்தது.

"கலரைப் பாத்தியாம்மா!"

அம்மா மூக்கைச் சுளித்தாள். "இன்னாடி, உங்க கம்பெனி வாசன அடிக்குது?"

"புகை வாசன மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

டேவிட், அவருடைய அப்பா, அம்மா, மூன்று பேரும் வந்தார்கள். கத்தி இறங்கவில்லை. அரிவாள்மனையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்துத் தட்டில் வைத்தேன். டேவிட்டின் அப்பா புதிதாகப் பல்செட் கட்டியிருந்தார். ஆசையாக ஒரு கடி கடித்துக் கையை இழுத்தார். கறி கையோடு வந்தது, பல்செட் கறியோடு வந்தது.

டேவிட்டின் அம்மா ரிட்டயர்டு நர்ஸ். எதையும் முகத்தில் காட்டாதவர். ஓரத்தைக் கொறித்துவிட்டு, "பல்பொடி போட்டு வெளக்கின மாதிரி இருக்குதும்மா. இன்னா மசாலா?" என்றார்.

நான் அவசரமாக ஒரு துண்டை வாயில் போட்டேன். நாக்கு சுருண்டுகொண்டது. அடிப்பாவி! கறி சமைக்கிறேன் பேர்வழி என்று ஆட்டைப் பதனிட்டு வைத்திருக்கிறாயே! அம்மா மிச்சக் கறியை அள்ளிக்கொண்டு ஓடி, குக்கரில் போட்டு விசில் மேல் விசில் விட்டாள். அது உள்ளே போன மாதிரியே வெளியே வந்தது. எங்கள் லேபில் வெந்நீரில் போட்டுச் சோதிக்கும் தோல்களில் பாதிக்கு அந்த உறுதி கிடையாது.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. முதல் முறையாக எனக்குப் பிடித்த ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார், அவருக்குப் போய்ச் செருப்பைப் பரிமாறிவிட்டேனே! "சொல்லி அனுப்புறோம்" இப்போது வந்துவிடும் என்று கதவோரமாகப் போய் நின்றேன்.

டேவிட் மட்டும் மென்றுகொண்டிருந்தார். மரியாதைக்காரர், பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுவிட்டார். துப்ப மனசு வரவில்லை. கன்னம் இந்தப் பக்கம் உப்பும், அந்தப் பக்கம் உப்பும். பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த அவருடைய அப்பாவுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்று ஆகிவிட்டது. பொக்கை வாயோடு, "டேவிட்டு, பொண்ணு புடிச்சிருக்குதா இல்லியா? இப்பவே சொல்லிடுப்பா" என்றார்.

எல்லாரும் டேவிட்டையே பார்த்தோம். அவர் வாயைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. கண் பிதுங்கியது. கழுத்தை முன்னால் நீட்டி, தலையை மேலும் கீழுமாக வேகமாக ஒரு ஆட்டு ஆட்டினார். தொண்டை அசைந்தது. மறுபடியும் ஒரு ஆட்டு. இன்னும் பலமாக இன்னொன்று.

"ஸ்தோத்திரம்!" என்று அம்மா கத்தினாள். என் அப்பா சட்டென்று எழுந்து நின்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஆமென் சொல்லி முடித்தபோதுதான் கறி உள்ளே போயிற்று. ஆமென் சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்?

இப்போது எங்கள் பெரியவளுக்கே வரன் வருகிற வயசு. வீட்டில் என் குரல் கொஞ்சம் ஜாஸ்தியானால் போதும், டேவிட் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லுவார்: "நான் உங்க அம்மாவுக்கு சம்மதமே சொல்லலடா. முழுங்கப் பாத்தேன், அவ்ளோதான்."

நானும் விடுவதில்லை.

"முழுங்கிட்டீங்க இல்ல? இனிமே துப்ப முடியாது."