மேக்காலத் தோட்டம், ஒரு அடி ஆழம்

நான் மேற்படிப்புக்காக நியூசிலாந்து சென்று இறங்கிய முதல் நாளின் கதைக்கு எங்கள் உறவினரிடையே இப்போது நான்கு பாடங்கள் வழங்குகின்றன. ஒன்றில் எனக்குக் கைவிலங்கு பூட்டப்படுகிறது. இன்னொன்றில் இரண்டு மோப்ப நாய்கள் என்மேல் பாய்கின்றன. கோத்தகிரிச் சித்தியின் பாடத்தில் அந்நாட்டு மந்திரி ஒருவரே தொலைபேசியில் வந்து என்னை மன்னிக்கிறார். ஒவ்வொரு திருமணப் பந்தியிலும் ஓர் இடைச்செருகல் கூடுகிறது. இப்படியே விட்டால் அடுத்த தலைமுறை என்னைச் சிறையில் பிறந்தவள் என்றுகூடச் சொல்லும். ஆகவே, சரிபார்க்கக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். என்னிடமுள்ள சான்றுகள் மூன்று: விமான நிலையத்தில் தந்த அச்சிட்ட எச்சரிக்கைத் தாள், குடும்ப வாட்ஸ்அப் குழுவின் நேரக் குறிப்புகள், பல்கலைக்கழகத்தின் பதிவுச் சீட்டு. இவற்றில் இல்லாதவற்றுள், மாமாவும் நானும் தனித்தனியே சொல்லியும் ஒத்துப்போகிறவற்றை மட்டுமே சேர்த்திருக்கிறேன்.

(நாய் ஒன்று இருந்தது உண்மை. அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவ்வளவே.)

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. கட்டபெட்டில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறார். நான் மண் அறிவியல் படித்தவள். அதையே மேலும் படிக்கத்தான் பயணம். புறப்படுவதற்கு முந்தைய நாள் குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, நான் பெட்டி அடுக்குவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொடங்கினார்.

“அம்முணி, அந்த ஊருல பெரிய பெரிய மிசினெல்லாம் இருக்குமாமா? நம்ம மேக்காலத் தோட்டத்துல செடியெல்லாம் வெளுத்து வெளுத்துப் போகுது. ஒரு பிடி மண்ணு கொண்டுட்டுப் போயி என்ன ஏதுன்னு பாத்துச் சொல்லேன்.”

“அந்த நாட்டுக்குள்ள மண்ணு கொண்டு போகக்கூடாதுங்க மாமா. செருப்புல ஒட்டியிருந்தாக்கூட உடமாட்டாங்க.”

“மண்ணு படிக்கப் போறவ மண்ணு இல்லாம போயி என்னத்தைப் படிப்ப?”

நான் கால் மணி நேரம் விரிவுரை ஆற்றினேன். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள், தீவு நாடுகளின் வேளாண்மை, அவற்றைக் காக்கும் சட்டங்கள் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மாமா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “சரி சாமி, உடு” என்றார். மாமா அவ்வளவு எளிதில் ஒன்றை விட்டவர் அல்லர் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கேட்கப்பட்ட விரிவுரை ஏற்கப்பட்ட விரிவுரை என்று நம்பும் வயது அது.

அப்பா குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில், சுவை பார்க்கும் அறைக்கு மாதிரிகளை அடுக்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். அவர் தம் பங்குக்கு ஆறு பொட்டலம் தேயிலைத் தூளைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஏனுங்க, இத்தனையும் இவ எப்பக் குடிச்சு முடிப்பா?” என்றார் அம்மா.

“இவ குடிக்கறதுக்கா? வாத்தியாருங்களுக்குக் குடுக்கறதுக்கு. குன்னூருன்னா என்னன்னு அவங்களுக்குந் தெரியட்டும்.”

பொட்டலங்கள் எல்லாம் பழுப்புக் காகிதத்தில் மடித்துச் சணல் கயிற்றால் கட்டியவை. வேறு ஊராராக இருந்தால் அச்சிட்ட பிளாஸ்டிக் உறையில் கொண்டு போயிருப்பார்கள். நாங்களோ, பிளாஸ்டிக் தடைக்கு நடுவே வளர்ந்தவர்கள். மலையேறும் வண்டியைப் பர்லியார் சோதனைச் சாவடியில் நிறுத்தித் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடும் மாவட்டத்துக்காரர்களுக்குக் காகிதப் பொட்டலம்தான் ஒழுக்கத்தின் அடையாளம். ஒரே நிறம், ஒரே கட்டு. மேலே பெயரில்லை, எழுத்தில்லை. அவற்றை நான் எண்ணவும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நியூசிலாந்து. பல்கலைக்கழகத்தின் கடிதத்தை வழியெல்லாம் படித்துக்கொண்டு சென்றேன். இறங்கும் அன்றே மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். தவறினால் உதவித்தொகையுடன் கூடிய அந்த ஓர் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த உதவித்தொகை இல்லாமல் எங்கள் வீட்டிலிருந்து எவரும் அவ்வளவு தொலைவு சென்று படிப்பது நடவாத காரியம். விமானம் இறங்குவது பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு; பேருந்தில் ஒரு மணி நேரம். கணக்குச் சரியாகவே இருந்தது.

விமானத்தில் தந்த படிவத்தில் “உணவுப் பொருள் உண்டா?” என்ற கேள்விக்கு ஆம் என்று குறித்தேன். “மண் உண்டா?” என்ற கேள்விக்கு, இல்லை என்று அழுத்தி, அடுத்த தாளிலும் தடம் விழும்படி குறித்தேன். அந்தக் கேள்வியைக் கண்டு புன்னகை செய்ததாகவும் நினைவு.

சோதனை மேசையில் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அலுவலர். நரைத்த குட்டை முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. பொட்டலங்களை வரிசையாக வைத்துவிட்டு, “பெயரே இல்லையே, இதெல்லாம் தேயிலைதானா?” என்று கேட்டார். அவர் கேட்டது ஆங்கிலத்தில்; நான் தருவது பொருள் மாறாத தமிழ்.

அங்கே நான் “ஆம்” என்று சொல்லி நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால், தேயிலையைத் தேயிலைதானா என்று ஒருவர் கேட்டது குன்னூருக்கே நேர்ந்த அவமதிப்பாக எனக்குத் தோன்றியது. அப்பாவின் அலுவலகத்தில் விருந்தினர் வந்தால் அவர் ஒரு வித்தை காட்டுவார்: கண்ணை மூடிக்கொண்டு, தூளை மோந்தே அது எந்தப் பக்கத்துத் தோட்டம் என்று சொல்வார். எனக்கும் அது ஓரளவு வரும். “எந்தப் பொட்டலத்தை வேண்டுமானாலும் பிரித்துக் கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறேன்” என்றேன். அவர் தடுக்கவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்து ஒருத்தி இப்படி அறைகூவல் விடுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

முதல் பொட்டலம்: கோத்தகிரிப் பக்கம். இரண்டாவது: குன்னூர். விமானக் குளிரில் மூக்கு பாதி அடைத்திருந்தது. எனவே மூன்றாவதை மோந்தும் ஒன்றும் புலப்படவில்லை. வித்தையை நடுவில் நிறுத்த மனம் ஒப்பாததால், கண்ணைத் திறக்காமலே ஒரு சிட்டிகை எடுத்து வாயிலிட்டு மென்றேன்.

பற்களுக்கிடையே நறநறவென்றது.

நான்கு ஆண்டுப் படிப்பு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு அந்தக் கணமே சாட்சி. “ஐயோ” என்றோ “தூ” என்றோ என் வாயிலிருந்து வரவில்லை. கண்ணை மூடியபடியே, தெளிவான ஆங்கிலத்தில், “மணல் கலந்த களிமண், நன்றாகச் சலித்தது” என்று அறிவித்தேன். என் குற்றத்தை என்னைவிடத் துல்லியமாக எந்த ஆய்வுக்கூடமும் கண்டறிந்திருக்க முடியாது.

கண்ணைத் திறந்தேன். அலுவலர் கையில் காகிதத்தின் உட்புறம் தெரிந்தது. அதில் மாமாவின் கையெழுத்து. “இது என்ன எழுதியிருக்கிறது?” என்றார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்:

“மேற்குத் தோட்டம். ஒரு அடி ஆழம்.”

“ஒரு அடி ஆழத்தில் என்ன இருக்கிறது?”

“மண்.”

“நீங்கள் இங்கே எதற்கு வந்திருக்கிறீர்கள்?”

“மண்ணைப் பற்றிப் படிக்க.”

பக்கத்து மேசையில் இருந்த அலுவலர் திடீரென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

சிரிப்பு அவரோடு முடிந்தது. அந்த அம்மையார் படிவத்தை எடுத்து, நான் அழுத்திக் குறித்திருந்த “இல்லை”யின்மேல் விரலை வைத்தார். பொய்யான உறுதிமொழி என்று முடிவானால் நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்பும் அதிகாரம் தமக்கு மேலே இருப்பவருக்கு உண்டு என்றார். மணி ஒன்று ஐம்பது. கோவை விமான நிலையத்தின் கண்ணாடிக்கு அப்பால், ஒரு நாள் விடுப்பெடுத்து வந்து நின்று கையசைத்த அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. வாயில் மீதியிருந்த கட்டபெட்டை விழுங்கினேன்.

“இதை நான் வைக்கவில்லை. என் மாமா வைத்திருக்கிறார்.”

“எல்லோருக்கும் ஒரு மாமா இருக்கிறார்” என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, “அவரைக் கூப்பிட முடியுமா?” என்று கேட்டார்.

காணொளி அழைப்பு இரண்டு மணி நான்கு நிமிடத்துக்குப் போயிருக்கிறது. கட்டபெட்டில் காலை ஏழரை. தலையில் குல்லாவும் சட்டைமேல் ஸ்வெட்டருமாக, செடிகளுக்கு நடுவே மாமா தோன்றினார்.

“மாமா, டீத்தூளோட மண்ணு வெச்சீங்களா?”

“கெடச்சுதா? நல்லாச் சலிச்சிருக்கனா பாரு! நீ சொல்லிக் குடுத்த மாதிரியே நெழல்ல காய வெச்சு, இடிச்சு...”

(மண் மாதிரி எடுக்கும் முறையை அவருக்கு நான்தான், கல்லூரி விடுமுறை ஒன்றில், கற்பித்திருந்தேன். என் மாணவருள் முதல் வகுப்பில் தேறியவர் அவர் ஒருவரே.)

“மாமா, என்னையப் புடிச்சு வெச்சிருக்காங்க. திருப்பி அனுப்பிச்சாலும் அனுப்பிச்சிருவாங்க.”

“யாரு?”

“இந்த மேடம்.” கைபேசியைத் திருப்பினேன்.

மாமா குல்லாவைக் கழற்றினார். “வணக்கமுங்க மேடம். அந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுச்சு. அது குளிக்கப் போன நேரம் பாத்து நாந்தானுங்க வெச்சுப்போட்டேன். தண்டனை குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க. வேணும்னா நான் கெளம்பி அங்கயே வந்தர்றேனுங்க.”

மொழிபெயர்த்தேன். அலுவலர் முகம் மாறாமல், “அவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“பாஸ்போர்ட் இல்லீங்க. ஆதார் இருக்குதுங்க.”

குற்றம் சாட்டப்பட்டவளே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பதை எந்த விசாரணையும் ஏற்காது. அதை நானே அவரிடம் சொன்னேன். அவர் கைபேசியின் திரையைப் பார்த்தார். மாமா இன்னும் குல்லாவை மார்போடு அணைத்தபடி, கண்கள் கலங்க நின்றுகொண்டிருந்தார். “இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்” என்றார் அவர்.

அவர் தலையசைத்ததைக் கண்ட மாமாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. “மேடம், அந்த மண்ணைத் தூக்கிப் போடறதுக்கு முன்னால அப்படியே ஒரு தடவ மிசின்ல வெச்சு...”

“என்ன சொல்கிறார்?”

“நன்றி சொல்கிறார்” என்றேன். என் வாழ்நாளில் தெரிந்தே நான் செய்த ஒரே தவறான மொழிபெயர்ப்பு அதுதான்.

மேலதிகாரியிடம் சென்று அவர் எனக்காகப் பேசியதை, கேட்க முடியாத தொலைவிலிருந்து பார்த்தேன். ஒரு முறை கையால் குல்லா கழற்றுவதுபோலச் செய்து காட்டினார். திரும்பி வந்தபோது கையில் எச்சரிக்கைத் தாள் இருந்தது. “அறியாமல் நேர்ந்த பிழை” என்பது அதிலுள்ள காரணம். மண்ணை அழித்துவிடுவார்கள், மண்ணோடு ஒரே பையில் வந்த குற்றத்துக்காகத் தேயிலையையும் அழித்துவிடுவார்கள். நான் நாட்டுக்குள் போகலாம்.

“காலணியைக் காட்டுங்கள்” என்றார் கடைசியாக. அடிப்புறப் பள்ளங்களில், கடைசியாக மாமாவின் தோட்டத்துக்குப் போனபோது ஒட்டிய கட்டபெட்டு மண் இறுகியிருந்தது. (அதையும் நான் படிவத்தில் எழுதவில்லை. விரிவுரையில் மட்டும் சொல்லியிருந்தேன்.) அவர் பெருமூச்சு விட்டார். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், தொட்டியில் நீரைத் திறந்து, தூரிகையால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்துக் கழுவினார். அம்மாவைத் தவிர வேறொருவர் என் காலணியைக் கழுவி நான் கண்டது அன்றுதான். முன்பின் அறியாத நாட்டில், காலுறையோடு நின்றுகொண்டு நான் அழுதேன். அவமானத்தால் அழுததாக மாமாவின் பாடம் கூறும், அது பிழை.

அவர் துடைத்த கையோடு என் கடிதத்தை வாங்கிப் பார்த்தார், மணியையும் பார்த்தார். பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி செய்தார். “உங்கள் மண் மாணவி எங்களிடம் இருக்கிறார். தாமதம் எங்களால்தான். பதிவேட்டை மூடிவிடாதீர்கள்” என்றார். தாமதம் அவர்களால் அன்று என்பதை நான் அறிவேன், அவரும் அறிவார்.

மூன்றே கால் மணிப் பேருந்தைப் பிடித்தேன். ஈரக் காலணி சளக் சளக் என்று ஒலிக்க, நான்கு மணியைத் தாண்டிப் பதிவு அலுவலகத்துக்குள் ஓடினேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் நிமிர்ந்து, “மண்ணைத் தின்றவர் நீங்கள்தானே?” என்று கேட்டுவிட்டுத் தாளை நீட்டினார். பதிவுச் சீட்டில் அச்சாகியிருக்கும் நேரம்: நான்கு முப்பத்தொன்று.

படித்து முடித்துத் திரும்பி வந்தும் மண்ணைத் தின்றவள் என்ற பெயர் மாறவில்லை. இன்று எங்கள் குடும்பத்தில் எவர் பயணம் புறப்பட்டாலும், மேட்டுப்பாளையம் வரைக்குமே என்றாலும், பையை மூடுமுன் அம்மா உரக்கக் கேட்பார்: “தம்பி, உள்ள ஏதாச்சும் வெச்சிருக்கியா?” மாமாவும் சளைக்காமல், “நான் பைக்குள்ளதான் வெச்சேன். வாய்க்குள்ள போட்டு மென்னவ அங்க உக்காந்திருக்கறா, அவளைக் கேளு” என்பார்.

சான்றுகள் இவ்வளவே. தெரியாதவை இரண்டு. அந்த ஒரு பிடி மண்ணில் என்ன குறை இருந்தது என்பது தெரியாது. அது அன்றே அழிக்கப்பட்டுவிட்டது. அந்த அலுவலரின் பெயரும் தெரியாது. எச்சரிக்கைத் தாளில் இருப்பது படிக்க இயலாத ஒரு கையெழுத்து. “அன்று பிற்பகல் அந்த மேசையில் இருந்தவருக்கு” என்று முகவரியிட்டு நன்றிக் கடிதம் ஒன்று அனுப்பினேன். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.