இருபது பாட்டில்களும் ஒரு தீர்த்தமும்

தொண்ணூற்று ஒன்பதில் நன்னிலம் பக்கத்தில் தொண்டை கட்டாதவர்கள்தாம் பாவம் செய்தவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் குரல் சித்தர் பஞ்சநதத்தின் தரிசனம் கிடைத்தது. துபாய்க்குப் போன கணவனிடம் டெலிபோன் பூத்தில் கத்திக் கத்திக் குரல் போன பெண்கள், பஸ் கண்டக்டர்கள், புதிதாக முளைத்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் அறுபது பிள்ளைகளை மேய்த்த டீச்சர்கள், எல்லோரும் அவர் வீட்டுக் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். சித்தர் ஆவதற்கு முன் அவர் மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஆக, தொழில் பெரிதாக மாறவில்லை.

வைத்தியம் எளிது. ஒரு பாட்டில் கிணற்றுத் தீர்த்தம், காலையில் ஒரு மடக்கு. இருபத்தொரு நாள் மௌன விரதம். வாயைத் திறந்தால் தீர்த்தம் கோபித்துக்கொள்ளும்.

ஜெனிட்டா டீச்சருக்குப் பலித்தது. அவள் அறிவியல் பாடம் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் தவறாதவள். இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போய்த்தான் குடித்தாள். குரல் திரும்பிய சந்தோஷத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தெருக்கோடிப் பொன்னுத்தாயிடமும் சொன்னாள்.

நடவுக்கு முப்பது பெண்களைக் கூட்டிப்போகிறவள் பொன்னுத்தாய். வரப்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த வாய்க்கால்வரை கேட்கும். ஆறு மாதமாக வெறும் காற்றுதான் வந்தது. நான்காவது பாட்டிலும் தீர்ந்திருந்தது.

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா. இவ்வளவு நாள் இருக்கக் கூடாது."

"உங்களுக்குப் பலிச்சுதுல்ல டீச்சர்? எம் மேலதான் ஏதோ குறை. அஞ்சாவது பாட்டிலையும் பாத்துடறேன்."

அன்று ஜெனிட்டா தன் குரலைத் தானே கேட்டுக் கூசினாள். குரல் வந்தவர்கள் ஊரெல்லாம் பேசுகிறார்கள். வராதவர்கள் எதை வைத்துப் பேசுவார்கள்? தன்னைக் குணமாக்கியது தண்ணீரா, கத்தாமல் இருந்ததா? இரண்டு தொட்டிச் செடி வைத்து ஒன்றுக்கு மட்டும் வெயில் காட்டச் சொல்லும் டீச்சருக்கு, இந்தக் கேள்வி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

மே விடுமுறையில், கத்தித் தொண்டை கட்டிய டீச்சர்கள் இருபது பேரிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கினாள். பத்து பாட்டிலில் தீர்த்தம். பத்தில் பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீர். பள்ளிக் கிளார்க் இராஜாங்கம் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எது என்று எழுதி உறைக்குள் ஒட்டினார். ஜெனிட்டாவுக்கே தெரியாது. மௌனம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. அதை நாற்பத்தெட்டு நாளாக்க முடியுமா என்று சில கணவன்மார்கள் விசாரித்தார்கள்.

விரதத்துக்கு முன்பும் பின்பும் ஒரே பாடத்தை வாசிக்கச் சொல்லி டேப்பில் பிடித்தார்கள். பெயர் தெரியாமல், கலைத்துப் போட்டுக் கேட்டு, எது தெளிவு என்று குறித்தவர், சோதனையில் சேராத லத்தீஃபா டீச்சர்.

சித்தர் வீட்டுச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் நடுவே இராஜாங்கம் உறையைக் கிழித்தார். தீர்த்தம் குடித்த பத்து பேரில் ஏழு பேருக்குக் குரல் தேறியிருந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் தாடியைத் தடவினார்.

"குழாய்த் தண்ணி குடிச்சவங்கள்ல எட்டு பேருங்க," என்றார் இராஜாங்கம்.

கைகள் கன்னத்திலேயே நின்றன.

"குழாயிலயும் நம்ம அருள்தான் ஓடுது," என்றார் பஞ்சநதம்.

"அப்ப எங்க தெருக் குழாயடியிலயே நின்னுக்கறோம் சாமி. பஸ் மாறி வர வேணாம் பாருங்க," என்றார் ஒரு கண்டக்டர்.

"கத்தாம இருந்ததால தேறியிருக்கலாம், அதைத் தனியாப் பாக்கணும்," என்றாள் ஜெனிட்டா. "ஆனா குழாய்த் தண்ணி செய்யாத எதையும் உங்க தண்ணி செய்யலைங்க."

பஞ்சநதம் அடுத்த பாட்டிலில் தீர்த்தம் நிரப்பினார். வாங்க யாரும் கை நீட்டவில்லை.

ஐந்தாவது பாட்டிலோடு நின்ற பொன்னுத்தாய் மெல்லக் கேட்டாள்: "அப்ப எங் குறை இல்லையா டீச்சர்?"

"இல்லக்கா."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பொன்னுத்தாயின் தொண்டையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். குரல் நாணில் புற்று. ஆரம்பம்தான், வைத்தியம் உண்டு. பழைய குரலுக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

"இத்தனை மாசத்தை வீணாக்கிட்டீங்களேம்மா. யாரு அங்க போகச் சொன்னது?" என்றார் டாக்டர்.



"நான்தான் சார்," என்றாள் ஜெனிட்டா. அவள் குரல் கணீரென்று இருந்தது.

யாராவது உங்களிடம் "எனக்குப் பலித்தது" என்றால், தலையாட்டுவதற்கு முன் "எதனால்?" என்று கேளுங்கள். கரகரத்த குரலில் கேட்டாலும் போதும்.