நாலாம் மாடிக் கதவுச் சத்தம்

பூர்ஜ் ஹம்மூத், பெய்ரூத்
வெள்ளிக்கிழமை மதியம்

மதிப்புக்குரிய நூபார் அண்ணனுக்கு, உங்கள் தம்பி மனைவி மாரித்சா எழுதிக்கொள்வது. நான் நலம். மொன்றியல் பனியில் யாரும் சறுக்கி விழாமல், நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. துணியில் நேராகப் போகிற கை, காகிதத்தில் போகாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி தீக்ரானின் பாட்டை இன்னும் அனுப்பவில்லை என்று போனில் நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். அடுத்த மாதம் அவருடைய வருஷ நினைவுப் பூசை, பூசை முடிந்து சாப்பாட்டின்போது அங்கே மண்டபத்தில் பாட்டைப் போட வேண்டும், அதற்கு முன்னால் உங்கள் மருமகன் அதிலுள்ள இரைச்சலையெல்லாம் கழுவித் துடைக்க வேண்டும் என்று சொன்னீர்கள். நானும் சரி என்றேன். ஆனால் பாட்டு முடியவில்லை அண்ணா. ஒரே ஒரு சத்தம் பாக்கி. அதை எடுக்கப் போய்த்தான் நேற்று இவ்வளவும் நடந்தது.

பாட்டு என்னவென்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. ஒருத்தன் லிஃப்டில் ஏறுகிறான். அது அவனுடைய மாடியில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தாண்டி, சந்திரனையும் தாண்டிப் போய், பிறகு இறங்கி வந்து அவன் வீட்டு மாடியில் நிற்கிறது. கதவு திறக்கிறது. அவ்வளவுதான் கதை, அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு வேறென்ன கனவு வரும்? இதற்குப் பெயர் ப்ரோக்ரெசிவ் ராக், முன்னேறுகிற பாட்டு என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. கிதார், டிரம், ஆர்கன் எல்லாம் அவர் ஒருத்தரே. சத்தம் அடங்கச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டிய அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பாடுவது மட்டும் துணி அலமாரிக்குள், குளிர் கோட்டுகளுக்கு நடுவில். பாடி முடித்து வரும்போது மேலெல்லாம் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும்.

எங்களுக்குத் தெரு ஜெனரேட்டரிலிருந்து வருவது ஐந்து ஆம்பியர். கம்ப்யூட்டரும் ஆர்கனும் ஓடினால் வேறெதையும் போடக் கூடாது. "மாரித்சா, எதையும் போடாதே!" இதுதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட பேச்சு. நான் மறந்துபோய் இஸ்திரிப் பெட்டியைப் போடுவேன், ஃப்யூஸ் விழும், வீடு இருண்டுபோகும், அறைக்குள் பாட்டு அறுந்துபோகும். பிறகு டார்ச்சோடு வெளியே வந்து, "சந்திரன் கிட்ட வந்துட்டேன், தெரியுமா" என்பார். தெருவிலிருக்கிற பெட்டியில் ஃப்யூஸை ஏற்ற நாலு மாடி இறங்கிப் போவார். கரண்ட் இல்லாததால் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடி வருஷக்கணக்காகிறது. ஊரெல்லாம் லிஃப்டைச் சரி செய்கிறவர் தன் வீட்டுக்கு மூச்சு வாங்கப் படியேறுவார் என்று தெருவே சிரிக்கும்.

இப்போது ஐந்து ஆம்பியரும் எனக்கே. இஸ்திரிப் பெட்டியை எப்போது வேண்டுமானாலும் போடலாம். போட்டுவிட்டு, யாராவது கத்துவார்களா என்று கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

பாக்கி இருந்தது அந்தக் கடைசிக் கதவுச் சத்தம்தான். கடையில் விற்கிற கதவுச் சத்தம் வேண்டாம், நம் லிஃப்ட் நம் மாடியில் திறக்கிற சத்தம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பிலேயே போய்விட்டார். அதனால் ஜெனரேட்டர்க்காரர் அபு ரிமோனிடம் போனேன்.

"லிஃப்டுக்கு ஒரு மணி நேரம் கரண்ட் வேணும்."

"ஏன் மதாம், முட்டி வலியா?"

"இல்ல. கதவு திறக்கிற சத்தம் வேணும்."

காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "நான் புது ஜெனரேட்டர் வாங்கினப்ப உன் புருஷன் வந்து சண்டை போட்டான். பழசோட இரைச்சல்லதான் என் பாட்டோட சுருதி இருக்கு, புதுசு அரைச் சுருதி ஏறிப் பாடுதுன்னான். அவனுக்காகவே பழசை வியாழக்கிழமை வியாழக்கிழமை ஓட்டினேன். இப்ப நீ கதவு கேக்குற. மத்த வீட்டுக்காரங்க வெளிச்சம்தான் கேப்பாங்க, மதாம்." முணுமுணுத்தாரே தவிர, மாட்டேன் என்று சொல்லவில்லை. பழைய ஜெனரேட்டரையே ஓட்டுகிறேன், வியாழக்கிழமை மத்தியானம் தயாராக இரு என்றார்.

நேற்று வியாழன். காலையில் அதிசயமாக அரசாங்கக் கரண்ட் வந்தது. தெருவே ஓடிப்போய்த் துணி துவைக்கப் போட்டது, நானும் போட்டேன். துவைப்பு பாதியிலிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மத்தியானம் அபு ரிமோன் பழசை ஓட்டினார். அந்த இரைச்சல் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை விடுங்கள். கம்ப்யூட்டரைப் போட்டேன், நீள ஒயரை இழுத்து மைக்கை எங்கள் மாடி லிஃப்ட் கதவுக்கு எதிரே முக்காலியில் வைத்தேன், பதிவைத் தொடங்குகிற வட்டமான சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். தீக்ரான் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அழுத்துகிறவள் நான்தானே, அது ஒன்று எனக்குத் தெரியும். பிறகு படியிறங்கிப் போய், கீழே லிஃப்டில் ஏறி, நான்கை அழுத்தினேன்.

ஏறியது அண்ணா. முனகிக்கொண்டே ஏறியது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது.

கதவைத் தட்டினேன். ஒருவரும் இல்லை. இந்த ஊரில் லிஃப்டில் மாட்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நம்பரை இன்னும் என் போனிலிருந்து அழிக்கவில்லை. மாட்டிக்கொண்டவர்களிடம் தீக்ரான் போனில் சொல்வதைச் சமையலறையிலிருந்து எத்தனை தரம் கேட்டிருப்பேன்: "கத்தாதீங்க, களைச்சுப் போயிடுவீங்க. எதையாவது பாடுங்க. சத்தத்த வச்சு நான் வந்துடறேன்." அதனால் பாடினேன். கோயில் பாட்டு பாடத்தான் வாயைத் திறந்தேன், வந்தது அவருடைய பாட்டு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டு டிரம் எங்கே, ஆர்கன் எங்கே என்றெல்லாம் மனப்பாடம். ஏழு ஏழாக எண்ணித் திரும்புகிற பாட்டு அது, லிஃப்ட் சுவரில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே பாடினேன். எதிரே மைக் இருக்கிறது, பதிவில் விழட்டும் என்று குரலை அடக்கவும் இல்லை. கதவு எப்படியும் திறக்காது என்று தோன்றியதும் பயம் போய்விட்டது.

கடைசியில் அபு ரிமோன் சாவியோடு படியேறி வந்தார்.

"மதாம், எந்த மாடில நிக்கிற?"

"சந்திரனைத் தாண்டியாச்சு."

"நான் நாலு மாடிக்குத்தான் சாவி வச்சிருக்கேன்" என்றார். பிறகு நாலாம் மாடிக் கதவு திறந்தது. தீக்ரான் கேட்ட அதே சத்தம். இரும்பு ஒருதரம் இழுத்து, ஒருதரம் பெருமூச்சு விட்டது. என்னை அக்குளில் பிடித்து மேலே தூக்கிவிட்டு, போனில் ஆளிடம் சொல்லி ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டார் அந்த மனுஷன்.

அதிலிருந்து இங்கே கரண்ட் இல்லை, எடுத்ததை நான் இன்னும் கேட்கவில்லை. இன்று சாயங்காலம் வந்தால் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் அனுப்பிவிடுவேன். ஆனால் உங்களிடம் நான் கேட்பது இது. மருமகனிடம் எதையும் கழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள். இரைச்சலை எடுத்தால் பாட்டு நிற்க இடமில்லாமல் போகும். என் குரல் விழுந்திருந்தால் அதையும் விட்டுவிடட்டும். பாட்டின் மேல் அட்டையில் "எல்லாம் தீக்ரான்" என்று அவர் எழுதி வைத்தது அப்படியே இருக்கட்டும். பொத்தான் அழுத்தியது மாரித்சா என்றெல்லாம் போட வேண்டாம், வெட்கமாக இருக்கிறது. வருஷப் பூசை முடிந்து சூ பொரெக் பலகாரம் பரிமாறும்போது போடுங்கள், மென்றுகொண்டே கேட்டால் நீளம் தெரியாது.

அண்ணிக்கு என் முத்தம். பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகவும் ஒரு சிலுவை வரையுங்கள். உங்கள் வீட்டு விளக்கு ஒருநாளும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாரித்சா

பின்குறிப்பு: சாயங்காலம் அரசாங்கக் கரண்ட் வந்தது, கேட்டேன். பதிவில் நான் பாடியது இல்லை. கதவும் இல்லை. காலையில் பாதியில் நின்றிருந்த துவைக்கும் மெஷினை நான் அணைக்கவே இல்லை. ஜெனரேட்டர் வந்ததும் அது தானாகத் தண்ணீர் பிடித்து, சுற்றி, வெந்நீர் போட ஆரம்பித்த நிமிஷத்தில் ஃப்யூஸ் விழுந்து, கம்ப்யூட்டரும் நின்றுபோயிருக்கிறது. லிஃப்டுக்குத் தனி ஒயர் என்பதால் எனக்குத் தெரியவில்லை. மேலே எழுதிய எதையும் மருமகனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அபு ரிமோனிடம் சொல்லிவிட்டேன், வரும் வியாழன் மறுபடியும் ஏறப் போகிறேன். துணியை முதல் நாளே கையால் துவைத்துவிடுவேன். பதிவில் விழுந்திருப்பது கொஞ்சம்தான். பழைய ஜெனரேட்டரின் இரைச்சல், என் செருப்புச் சத்தம், பிறகு படியிறங்குவதற்கு முன்னால் நான் உள்ளே திரும்பி அந்தச் சின்ன அறையைப் பார்த்துச் சொன்னது: "எல்லாம் பாத்துட்டேன் தீக்ரான், எதையும் போடல, நீ பயப்படாதே." அதற்குப் பின்னால், சமையலறையில் மெஷின் தண்ணீர் பிடிக்கிற சத்தம்.